பத்து வெள்ளியில் ஒரு வானொலி

வணக்கம் உறவுகளே. மணி மாலை ஐந்தரை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட்டில் மழை இப்போதுதான் விட்டது. தகரக் கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது, அந்தச் சத்தம் உங்களுக்கும் கேட்கும். பாட்டி வீட்டு அஞ்சடியில், அதாவது முன்தாழ்வாரத்தில், உட்கார்ந்து பேசுகிறேன். இன்றைக்குச் சாப்பாட்டுக் கடை, ஊர் சுற்றல் எதுவும் கிடையாது. நம் ஊருக்கென்று ஒரு வானொலி வேண்டும். அதைப் பற்றித்தான் பேச்சு.

முதலில் இதைப் பாருங்கள். கேமராவை அருகே கொண்டுபோகிறேன். பால்வெட்டு உளி, ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் கருவி. பாட்டி இதைச் சாக்குத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்திருக்கிறார். மரம் வெட்டுவதை விட்டு வெகு காலம் ஆகிவிட்டது, ஆனாலும் துருப்பிடிக்க விட்டதில்லை. பிடியில் கட்டைவிரல் அழுத்திய இடம் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது, தெரிகிறதா? என் விரலை வைத்தால் அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை. அது அவருடைய விரலுக்கு மட்டும் அமைந்த பள்ளம்.

போன மாதம் அவருடைய குரலைப் பதிவு செய்யலாம் என்று ஒலிவாங்கியை வைத்தேன். உளிச் சத்தமும் வேண்டும் என்றேன். கொல்லையில் இருக்கும் பப்பாளி மரத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். உடனே நிறுத்திவிட்டார். “இது பால் மரத்துச் சத்தம் இல்லை, கண்ணு. இதைப் போட்டால் கேட்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்” என்றார். ஆகவே மறுநாள் விடியற்காலை, தெரிந்த ஒருவரின் சிறு ரப்பர்த் தோட்டத்துக்குப் போனோம். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பாட்டி மரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு உளியை வைத்து இழுத்தார். ஒரே சீராக, ஈரத்துணியை மெல்லக் கிழிப்பது போல ஒரு சத்தம். பட்டை மெல்லிய சுருளாக விழுந்தது. சற்று நேரம் கழித்து, பால் வடியும் கிண்ணமான மங்கில் முதல் சொட்டு விழுந்த ஓசையும் பதிவில் இருக்கிறது.

அப்போது அவர் சொன்னது எனக்குப் புதிது. சத்தம் கனத்தால் உளி ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்திவிட்டது என்று அர்த்தமாம். பக்கத்து வரிசையில் வெட்டுகிற ஆள் இருட்டில் முகத்தைப் பார்க்காமலே, காதாலேயே கண்டுபிடித்துவிடுவாராம். மரபுக் கண்காட்சிகளில் உளியைப் பார்த்திருக்கிறேன், மங்கைப் பார்த்திருக்கிறேன், பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாவைக் கூடப் பார்த்திருக்கிறேன். இந்தக் காது வித்தையை எங்கேயும் பார்த்ததில்லை. இது சத்தத்தில் மட்டுமே வாழ்கிற அறிவு. இதைச் சத்தமாகத்தான் சேமிக்க முடியும்.

தமிழ் வானொலிக்கு மின்னல் பண்பலை இருக்கிறதே, ராகா இருக்கிறதே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஓடும். பாட்டிக்குச் செய்தி தவறக்கூடாது. ஆனால் அவை நாடு முழுவதற்கும் பேசுகின்றன. செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறவருக்குக் கையுறை கொடுத்தார்களா, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த குடும்பம் அடுத்து யாரைப் பார்க்க வேண்டும், பஸ் வராத நாளில் பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதையெல்லாம் அரை மணி நேரம் நின்று பேச அவற்றுக்கு நேரம் இருக்காது. அந்த அரை மணி நேரம்தான் நமக்கு வேண்டியது.

இதைச் செய்து காட்டியவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். பொலிவியா நாட்டு ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்துத் தங்கள் வானொலி நிலையங்களை நடத்தினார்கள். தொழிற்சங்கக் கூட்டம், ஊர்ப் பாட்டு, காணாமல் போன ஆட்டைப் பற்றிய அறிவிப்பு எல்லாம் ஒரே ஒலிவாங்கியில் போகும். 1980 ஜூலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது நாட்டின் மற்ற நிலையங்கள் வாயடைத்துப் போயின. சுரங்க வானொலிகள் ஒன்றோடொன்று சங்கிலியாக இணைந்து, சிப்பாய்கள் கதவை உடைத்து உள்ளே வரும்வரை செய்தி சொல்லிக்கொண்டிருந்தன. பேராக்கில் பிறந்தவளுக்கு ஈயம் என்றால் இங்கே ஈயம் தோண்டிய கிந்தா பள்ளத்தாக்குதான் நினைவுக்கு வரும். அங்கேயும் இங்கேயும் தோண்டியது ஒரே உலோகம். அவர்களிடம் வானொலி இருந்தது.

அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தில் கே.பி.எஃப்.ஏ. என்று ஒரு நிலையம். போருக்குப் போக மறுத்த லூயிஸ் ஹில் என்பவர் தொடங்கியது. விளம்பரம் வேண்டாம், கேட்கிறவர்களே காசு கொடுக்கட்டும் என்பது அவருடைய திட்டம். 1949 ஏப்ரல் 15 அன்று ஒலிபரப்பு ஆரம்பமானது. அதே வானொலிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹூஸ்டன் நிலையத்தை 1970இல் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் இரண்டு முறை குண்டு வைத்துத் தகர்த்தார்கள். நிலையம் மறுபடி எழுந்தது. 1999இல் நிர்வாகத்துக்கும் ஊழியர்களுக்கும் மோதல் வந்து கே.பி.எஃப்.ஏ. கதவு அடைக்கப்பட்டபோது, கேட்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். எங்கள் காசு, எங்கள் நிலையம் என்றார்கள். ஒரு வானொலிக்காக மக்கள் தெருவில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

அந்த 1949 ஏப்ரல் 15 என்ற தேதி என் மனதை விட்டுப் போகவில்லை. அதிலிருந்து மூன்று வாரம் கூட ஆகவில்லை, மே 4 அன்று இங்கே மலாயா கணபதியைத் தூக்கில் போட்டார்கள். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். அதற்கு முந்தைய நாள் இன்னொரு தொழிற்சங்கவாதியான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே ஒருவர் ஒலிவாங்கியைத் திறந்த அதே வசந்த காலத்தில், இங்கே தோட்டத் தொழிலாளிக்காகப் பேசிய இரண்டு குரல்கள் அடங்கிவிட்டன. கணபதி மேடையில் எப்படிப் பேசியிருப்பார், குரல் கனமா, வேகமா? அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

எங்கள் ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு நாளுக்காக வரும். 1948 ஜூன் 16. எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் கொல்லப்பட்டார்கள், பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் பிறந்தது. அந்தக் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போன தொழிலாளி என்ன நினைத்தான், இரவு எப்படித் தூங்கினான்? அதைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். அதனால்தான் அவசரப்படுகிறேன்.

1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றவர்களில் ஒருவர் ஆர். எச். நாதன், தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்தவர். சீனத் தொழிலாளிக்கு இணையான சம்பளம், கள்ளுக்கடையை மூடுவது, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று கோரிக்கைகள் போயின. அவற்றில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கத் தேவையில்லை என்பது. படிக்கும்போது அந்த வரியில் நின்றுவிட்டேன். சம்பளத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் எழுதினார்களே, அந்த மனிதர்கள்! நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள், ராணுவம் வந்தது, உயிர்கள் போயின. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும் 2019இல் நின்றுவிட்டது.

சரி, நம் நிகழ்ச்சிக்கு வருகிறேன். அத்தை செம்பனைத் தோட்டத்தில் கொட்டை பொறுக்குகிறார். அவரைச் சம்பளச் சீட்டோடு உட்கார வைத்தேன். வரி வரியாகச் சத்தமாகப் படியுங்கள் என்றேன். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி, ரிங்கிட்டைத்தான் சொல்கிறேன். 2025 பிப்ரவரியிலிருந்து ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளிகளுக்கும், ஆகஸ்டிலிருந்து எல்லோருக்கும் அதுதான் குறைந்தபட்சச் சம்பளம். சேமநிதிப் பிடித்தம் 11 விழுக்காடு, 187 வெள்ளி. “இதோடு முடிந்தது” என்று சீட்டை மடித்தார். முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 221 வெள்ளி போட வேண்டும் அத்தை, அது உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று கேட்டேன். அவர் பேசவில்லை. பதிவில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் ஓடுகிறது. அந்த மௌனத்தை நான் வெட்டப் போவதில்லை.

பிறகு அவரே சீட்டைத் திரும்பப் பிரித்தார். “ஞாயிற்றுக்கிழமையும் போனேனே, அது எங்கே?” என்றார். ஓய்வு நாளில் வேலை வாங்கினால் அதற்குத் தனிச் சம்பளம் உண்டு. சீட்டில் அந்த இடம் காலி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா எழுந்து வீட்டுக்குப் போய்த் தன் சீட்டை எடுத்து வந்தார். ஒலிவாங்கி முன்னால் அந்த ஒரு மணி நேரத்தில் நடந்தது, எத்தனை துண்டறிக்கை கொடுத்தாலும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அலைவரிசையில் ஒலிபரப்ப 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதற்காகக் காத்திருக்க முடியாது. வாரம் அரை மணி நேரம் பதிவு செய்து இணையத்தில் போடுவோம், வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். தமிழ்நாட்டின் பாம்பன் தீவில் மீனவர்களுக்காக 2016இல் வந்த கடல் ஓசை வானொலியைப் போல, வேலையை ஒட்டியே பேச்சு இருக்கட்டும். ஆனால் இந்தியாவில் சமூக வானொலி சொந்தமாகச் செய்தி சொல்ல முடியாது, அரசு வானொலியின் செய்தியைத்தான் அப்படியே எடுத்துப் போடலாம். நமக்கு அந்தக் கட்டு வேண்டாம். உறுமி மேளம், தாலாட்டு, முனியாண்டி கோயில் கதை எல்லாம் வரட்டும், சம்பளமும் வரட்டும். தோட்டத்தில் இப்போது வங்காளதேசத்து, நேப்பாளத்துத் தம்பிமார்களும் இருக்கிறார்கள். அவர்கள் பாட்டையும் பதிவு செய்ய ஆசை. மொழி புரியாவிட்டாலும் வேலை ஒன்றுதானே.

காசுக்கு என்ன வழி என்று பாட்டி கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவரே பதிலையும் சொன்னார். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் நம் ஊர்க்காரர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுத் தொழிலாளர்களை வெளியேற்றிய காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். “எங்கள் அப்பாவும் கொடுத்தார். தோட்டத்தையே வாங்கினோம், ஒரு வானொலிப் பெட்டியா வாங்க முடியாது?” என்றார் பாட்டி.

அதனால் பத்து வெள்ளி. மாதம் ஒருவருக்குப் பத்து வெள்ளி, அதற்கு மேல் யாரிடமும் வாங்கப் போவதில்லை. கட்சிக்காரர் கொடுத்தாலும் பத்துதான், கடைக்காரர் கொடுத்தாலும் பத்துதான். கணக்கு மாதா மாதம் நிகழ்ச்சியிலேயே வாசிக்கப்படும்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இதே அஞ்சடிக்கு வாருங்கள். சம்பளச் சீட்டை எடுத்து வாருங்கள். வீட்டில் உளி இருந்தால் அதையும். இப்போது பாட்டியின் பதிவைப் போடுகிறேன், காதொலிப்பானில் கேளுங்கள். முதலில் இருட்டு மட்டும்தான் இருக்கும், பொறுத்திருங்கள், உளி வரும்.