மேலாளர் நிற்க வேண்டிய இடம் ஆடுகளமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பேஸ்பால் மேலாளர் ஆடுகளத்தில் நிற்க வேண்டுமா, டக்அவுட்டில், அதாவது களத்தின் ஓரத்தில் அணியினர் அமரும் கூரைக்கொட்டகையில், உட்கார வேண்டுமா? ஆடுகளமே என்பது எங்கள் கட்சி. "பந்தைப் பிடிப்பவருக்கு யோசிக்க நேரம் ஏது?" என்று கேட்டார் எதிரணித் தோழி. அம்மா, லூ பூட்ரோவைப் பாருங்கள்! 1942-இல், 24 வயதில், அமெரிக்காவின் கிளீவ்லண்ட் இந்தியன்ஸ் அணியின் மேலாளர், களத்தில் பந்து தடுக்கும் ஷார்ட்ஸ்டாப்பும் அவரேதான்.

ஷார்ட்ஸ்டாப் நிற்பது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே. பேட்டருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர், பந்து வீசும் பிட்சருக்குத் தொடைகளுக்கிடையே விரலால் காட்டும் சைகை அங்கிருந்து தெரியும். வருவது வேகப்பந்தா வளைபந்தா என்று அறிந்து ஓரடி நகரலாம். முந்தி நகர்ந்தால் பேட்டர் மோப்பம் பிடித்துவிடுவார். முதல் பேஸில் எதிரணி ஆள் நின்றால், ஷார்ட்ஸ்டாப் கையுறையால் முகத்தை மறைத்து இரண்டாம் பேஸ்காரருக்கு வாயைக் காட்டுவார்: மூடியிருந்தால் 'இரண்டாம் பேஸுக்கு நான் போகிறேன்', திறந்திருந்தால் 'நீ போ'. டக்அவுட் கூரைக்கடியில் இருப்பவருக்கு இந்தப் பார்வை கிடைக்குமா?

1946 ஜூலை 14, பாஸ்டன். ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதலாவதில் பூட்ரோ நான்கு டபுள் (இரண்டாம் பேஸ் வரை ஓடவைக்கும் அடி), ஒரு ஹோம்ரன் (நான்கு பேஸையும் சுற்றவைக்கும் அடி) அடித்தும் அணி 11-10 என்று தோற்றது. காரணம், பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ் அடித்த மூன்று ஹோம்ரன். அவர் இடக்கை பேட்டர், வலப்பக்கமே இழுத்தடிப்பவர். அடுத்த ஆட்டத்தில் பூட்ரோ, பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டர் நால்வரையும் வலப்பாதிக்கு நகர்த்தினார். இடப்பாதிக்கு இடது ஃபீல்டர் மட்டும் காவல்! வில்லியம்ஸ் தரையோடு அடித்த பந்து பூட்ரோவின் கைக்கே வந்தது.

அந்த வியூகத்தில் ஓட்டை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதே செப்டம்பரில் வில்லியம்ஸ் காலியான இடப்பக்கம் அடித்து, பந்து வேலியைத் தாண்டாமலே ஓடி ஹோம்ரன் எடுத்தார். 1-0; பாஸ்டன் லீக் பட்டம் வென்றது.

ஆனால் 1948? லீக் முடிவில் கிளீவ்லண்டும் பாஸ்டனும் சமநிலை. பட்டத்தைத் தீர்மானிக்க அக்டோபர் 4-இல் பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் ஒற்றை ஆட்டம். அங்கே இடப்புறச் சுவர் கிட்டே இருப்பதால், வலக்கை பேட்டர்கள் அந்தப் பக்கம் எளிதில் அடித்துவிடுவார்கள் என்று இடக்கைப் பிட்சரை இறக்கத் தயங்குவார்கள். பூட்ரோ இறக்கியதோ ஒரே நாள் ஓய்வெடுத்த இடக்கைப் புதுமுகம் ஜீன் பேர்டனை. பூட்ரோ தானும் இரண்டு ஹோம்ரன் அடித்தார். வெற்றி 8-3, பிறகு இரு லீக் வெற்றியாளர்கள் மோதும் உலகத் தொடரும் கைக்கு வந்தது.

"பின்னாளில் மேலாளராக இருந்த பாஸ்டன், கான்சஸ் சிட்டி, சிகாகோவில் பூட்ரோ ஏன் சாதிக்கவில்லை?" என்கிறார் தோழி. அங்கே கிடைத்த அணிகள் பலமானவை அல்ல, உண்மை. ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தது டக்அவுட்டில், நடுவர் அவர்களே!