சுவரொட்டியின் பெயரில் ஒரு பாட்டு

நண்பர்களே, வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்த பாரிஸில் தெருச் சுவர்களில் ஒரு சுவரொட்டி ஒட்டுவார்கள். மேலே பெரிய எழுத்தில் 'அவீ' என்றிருக்கும். பிரெஞ்சில் 'அறிவிப்பு' என்று பொருள். கீழே, யார் யாரைச் சுட்டுக் கொன்றோம் என்ற செய்தி. கவிஞர் பால் எலுவார் அதே சொல்லைத் தலைப்பாக வைத்து ஒரு கவிதை எழுதினார். விடிந்தால் சாகப்போகிற ஒருவனின் கடைசி இரவைப் பற்றிய கவிதை அது. 1944-இல் அதைக் கூட்டுப் பாடலாக்கி, சுடப்பட்ட தன் தோழர் ஜார்ஜ் துதாக்கின் நினைவுக்குக் காணிக்கையாக்கியவர்தான் பிரெஞ்சு இசையமைப்பாளர் எல்ஸா பரேன். துதாக்கை 1942 மே 23 அன்று பாரிஸை அடுத்த மோன் வலேரியன் கோட்டையில் சுட்டார்கள்.

எல்ஸா 1910-இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா யூதர், பாரிஸ் ஓபரா இசைக்குழுவில் செல்லோ வாசித்தவர். எல்ஸா, இசையமைப்பாளர் பால் துக்காவிடம் பாடம் கற்றார். அங்கே உடன் படித்தவர், பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளரான ஒலிவியே மெசியான். 1929-இல், 19 வயதில், பிரான்ஸ் அரசு இளம் கலைஞர்களுக்குக் கொடுத்து வந்த 'ரோம் பரிசு' வாங்கினார். இசைக்காக அதன் முதல் பரிசைப் பெற்ற நான்காவது பெண் அவர். பரிசு வாங்கியவர்கள் ரோமில் தங்கி இசையமைக்க வேண்டும். அப்போது அங்கே முசோலினியின் ஆட்சி. ஃபாசிசம் தெருவில் எப்படி நடமாடும் என்பதைப் பார்க்க அவருக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-இல் யூதர் படுகொலைகளைப் பற்றி 'போக்ரோம்' என்ற இசைப்படைப்பு எழுதினார். 1938-இல் இரண்டாம் சிம்ஃபனி. அதற்கு அவர் சூட்டிய பெயர் 'வாய்னா'. ரஷ்ய மொழியில் 'போர்'. நிஜப் போர் வர இன்னும் ஒரு வருடம் இருந்தது!

"இசைக்காரருக்கு எதற்கு அரசியல்?" என்று இன்றும் கேட்கிறார்கள். சரி, 1940-க்குப் பிறகு எல்ஸாவின் நிலைமையைப் பாருங்கள். யூதர்களுக்கு எதிரான சட்டம் வந்தது, வானொலியில் இருந்த வேலை போனது. அரசியல்தான் அவரைத் தேடி வந்தது. இசைக்குழு நடத்துநர் ரொஜே தெசொர்மியேரும் இசையமைப்பாளர் லூயி துரேயும் எல்ஸாவும் சேர்ந்து ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்க்கும் ரகசிய அமைப்பாக இசைக்கலைஞர்களின் 'தேசிய முன்னணி'யைக் கட்டினார்கள். (பின்னாளில் அதே பெயரில் வந்த வலதுசாரிக் கட்சிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) ரகசியப் பத்திரிகை நடத்தினார்கள், வேலை இழந்த யூதக் கலைஞர்களுக்குக் கைகொடுத்தார்கள். தலைமறைவில் எல்ஸாவின் பெயர் கத்ரீன் போனார்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். 1942 ஆகஸ்ட், பாரிஸ் ஓபரா. எல்ஸாவின் அப்பா வாசித்த அதே அரங்கம். இருக்கைகளில் ஜெர்மன் அதிகாரிகள். இசையமைப்பாளர் புலாங்கின் புதிய பாலே நடக்கிறது, நடத்துபவர் தெசொர்மியேர். நடுவில் ஒரு பழைய மெட்டு வந்து போகிறது. 'அல்சாஸும் லொரேனும் உங்களுக்குக் கிடையாது' என்று, 1870 போரில் அந்தப் பகுதிகளை ஜெர்மனியிடம் இழந்த பின் பிரெஞ்சுக்காரர்கள் பாடிய பாட்டு. வாசித்தவர்களுக்குப் புரிந்தது. முன்வரிசையில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. அந்த நாட்களில் எதை வாசிப்பது, எதை வாசிக்க மறுப்பது என்பதே எதிர்ப்பாக இருந்தது. எனக்கு இந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கும்.

போர் முடிந்தது. 1949-இல் எல்ஸா, தான் உறுப்பினராக இருந்த கம்யூனிஸ்ட் கட்சியைவிட்டு விலகினார். இடதுசாரிப் பற்றை விடவில்லை. அப்புறம் பாரிஸ் கன்சர்வட்டரி என்ற இசைக் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார். 1999-இல் ஸ்ட்ராஸ்பூரில் காலமானார். மெசியானின் பெயர் உலகம் முழுக்கத் தெரிகிறது. அதே வகுப்பில் பக்கத்தில் இருந்தவரின் சிம்ஃபனியை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதனால் நான் பேசியது போதும். 'வாய்னா'வில் மூன்று பகுதிகள். நடுவில் இருப்பது இறுதி ஊர்வல இசை. அதைத்தான் இப்போது போடப் போகிறோம். விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.