கல் சக்கரமும் ஸ்கூட்டர் மோட்டாரும்: ஸ்டூடியோவுக்கு ஒரு புதிய குயவர் சக்கரம்

[காட்சி: சுழலும் தட்டில் ஈரக் களிமண் உருண்டை, இரு கைகள் அழுத்தியதும் சக்கரம் தயங்குகிறது.]

மின்சாரச் சக்கரம் விற்பவர்கள் முதலில் சொல்வது மோட்டாரின் குதிரைத்திறனைத்தான். ஆனால், மண்ணை மையத்துக்குக் கொண்டுவர உள்ளங்கைகளால் அழுத்தும் நொடியில் வேகம் எவ்வளவு குறைகிறது, அது சீராகக் குறைகிறதா, வெட்டி வெட்டிக் குறைகிறதா என்பதே வனைபவருக்கு முக்கியம். அந்த ஒரு நொடியை அளவுகோலாக வைத்து, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே செய்யக்கூடிய ஒரு வடிவமைப்பை இங்கே பார்க்கலாம்.

கோலால் சுழற்றும் பழைய சக்கரத்துக்குச் சுழற்றிவிட்ட பிறகு வேறு விசை கிடையாது. சேர்த்து வைத்த சுழற்சியிலேயே பானை எழும்ப வேண்டும். அதனால்தான் அதன் எடை விளிம்பில் ஏற்றப்பட்டது. ஒரே எடை தட்டு முழுவதும் பரவியிருப்பதைவிட விளிம்பில் இருந்தால், நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் தன்மை) இரு மடங்காகிறது. இன்றைய மின்சக்கரங்கள் பலவற்றில் மேலே இருப்பது மெல்லிய அலுமினியத் தட்டு. சுமை முழுவதும் மோட்டாரின் மேல் விழுகிறது. நிமிடத்துக்கு 200 சுற்றில் அது தெரியாது. வாய்ப்பகுதியை முடிக்கும் 40 சுற்றில், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மலிவான கன்ட்ரோலரின் உதறல் விரல் நுனி வரை வந்துவிடும்.

[காட்சி: கிரானைட் பலகைகள், அடுத்து, பிரித்து வைத்த ஹப் மோட்டார்.]

மின் ஸ்கூட்டர்கள் தயாராகும் ஓசூர்ப் பக்கம், ஹப் மோட்டாரை (சக்கரத்தின் நடுவிலேயே பொருந்தும் மோட்டாரை) பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. குறைந்த வேகத்திலும் நல்ல திருப்பு விசை தரும் அந்த மோட்டாருக்குப் பெல்ட் வேண்டாம், சத்தமும் குறைவு. அதன் ஒரே குறை, மெதுவாகச் சுழலும்போது வரும் மெல்லிய துடிப்பு. அந்தத் துடிப்பை விழுங்குவதற்குத்தான், மோட்டாரோடு சேர்ந்து சுழலும் கனமான கல்.

கிரானைட் பலகைகள் பெரும்பாலும் 2 அல்லது 3 செ.மீ. தடிப்பில் அறுக்கப்படுகின்றன. நிறம் ஒவ்வாமல் ஒதுக்கப்பட்ட 3 செ.மீ. பலகைகள் இரண்டை எபாக்சியால் ஒட்டி, 60 செ.மீ. விட்டத்தில் வட்டமாக வெட்டினால் எடை ஏறத்தாழ 45 கிலோ வரும். நிமிடத்துக்கு 100 சுற்றில் அது சுமார் 110 ஜூல் ஆற்றலைத் தாங்கி நிற்கும். இது பெரிதாகத் தோன்றினாலும், கைகள் 50 வாட் அளவுக்கு இழுத்தால், மோட்டார் இல்லாமல் ஒரு நொடிக்குள் வேகம் 80 சுற்றுக்கு இறங்கிவிடும். கல் மோட்டாருக்கு மாற்றாகாது. அது மோட்டாருக்குச் சற்று அவகாசம் தருகிறது, அவ்வளவுதான்.

ஆனால் 60 செ.மீ. கல் புறப்படவும் நிற்கவும் நேரம் எடுத்துக்கொள்ளும். காலருகே இடமும் அடைக்கும். விட்டத்தைக் கால் பங்கு குறைத்து 45 செ.மீ. ஆக்கினால் நிலைமத் திருப்புத்திறன் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே போய்விடுகிறது. பெரிய சால் வனைபவர் 60-ஐ வைத்துக்கொள்ளட்டும். கோப்பையும் கிண்ணமும் செய்யும் ஸ்டூடியோவுக்கு 45 போதும் என்பதே என் கருத்து.

சுழலும் கல் வெடிக்காதா என்று கேட்பார்கள். 240 சுற்றில் 60 செ.மீ. கல்லின் விளிம்பு நொடிக்கு ஏழரை மீட்டர்தான் ஓடுகிறது. அதனால் எழும் இழுவிசை கிரானைட்டின் வலிமைக்கு முன் மிகச் சிறியது. இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்பதால் சுற்றிலும் தகரக் கூடு அவசியம். உண்மையான தொல்லை மையம் தவறுவதுதான். 45 கிலோ கல் ஒரு மி.மீ. விலகியிருந்தால், அதே 240 சுற்றில் ஏறத்தாழ 28 நியூட்டன் விசை, அதாவது 3 கிலோ எடைக்குச் சற்றுக் குறைவான இழுப்பு, ஒவ்வொரு சுற்றிலும் சட்டத்தை உலுக்கும்.

[காட்சி: இரண்டு மட்டமான இரும்புப் பட்டைகளின் மேல் கிடத்திய ஷாஃப்ட், கல் மெல்ல உருண்டு நிற்கிறது.]

ஷாஃப்டோடு கல்லை இப்படிக் கிடத்தினால் கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். அந்த இடத்தில், அடிப்பக்கத்தில் சிறு குழிகளாகத் துளையிட்டுக்கொண்டே போக வேண்டும். எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் கல் அசையாமல் நிற்கும் வரை இதைத் தொடரலாம். லேத் பட்டறைக்காரர்களுக்கு இது பழகிய வேலைதான். ஷாஃப்டைத் தாங்கும் இரு பேரிங்குகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் விட முடியுமோ அவ்வளவும் விட்டால் தட்டின் ஆட்டம் குறையும்; மேல் பேரிங்கில் சேற்றுநீர் இறங்காமல் ஒரு ரப்பர் வளையத்தையும் மாட்டிவிட வேண்டும்.

மோட்டாரை ஓட்டும் 48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பேட்டரியில் 960 வாட்-மணி இருக்கிறது. சராசரியாக 100 வாட் செலவானால் மின்வெட்டிலும் ஒரு நாள் வேலை ஓடும். சார்ஜரைச் சுவரோடு வைத்துவிட்டால், ஈரக் கை படும் சட்டத்துக்குள் 230 வோல்ட் வராது.

கடைசியாகப் பெடல். ஸ்கூட்டரின் வேகக் கைப்பிடி (திராட்டில்), கையை எடுத்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். வனைபவருக்கோ, காலை எடுத்த பிறகும் வேகம் அப்படியே நிற்க வேண்டும். ஆகவே ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஃபெல்ட் வாஷரால் பெடலை இறுக்கமாக்குகிறோம். முதல் பாதி மிதியை 80 சுற்றுக்குள் அடக்குகிறோம். பெடல் பாதியில் நிற்கும்போது யாராவது சுவிட்சைப் போட்டால் கல் திடீரெனச் சுழலக்கூடாது என்பதால், பெடல் ஒரு முறை பூஜ்யத்துக்கு வந்து போன பிறகே மோட்டார் இயங்கும்படி கன்ட்ரோலரை அமைக்க வேண்டும்.