பல் கேப் உடையுறதுக்கும் சிமெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

வணக்கம் மக்களே! பல்லுக்கு கேப் போடப் போனா எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், ஜிர்கோனியாவா செராமிக்கா, எது டாக்டர் ஸ்ட்ராங்குன்னு. எதை வெச்சு ஒட்டுவீங்க, அதாவது எந்த சிமெண்ட்னு யாரும் கேக்குறதில்ல, ஆனா சில கேப் தாங்குறதும் தாங்காததும் அதுலதான் இருக்கு.

(திரையில்: கேப்போட குறுக்குவெட்டு)

கடிக்கிறது மேல, அதனால விரிசலும் மேலதான் விழும்னு தோணும்ல? நிறைய கேப்ல அது ஆரம்பிக்கிறதே உள்பக்கம், சிமெண்ட் தொடுற இடத்துல. மேல அழுத்தம் விழ விழ உள்பக்கம் இழுபடுது, செராமிக் அமுக்கினா தாங்கும், இழுத்தா தாங்காது, அங்க கண்ணுக்கே தெரியாத ஒரு கீறல் இருந்தா போச்சு, அதுல இருந்தே பொளந்துக்கும்.

ரெசின் சிமெண்ட்னு பிளாஸ்டிக் மாதிரி இறுகுற ஒரு பசை இருக்கு, அது அந்தக் கீறலுக்குள்ள எறங்கி இறுகிடும், கேப்பும் பல்லும் சேந்து பாரத்தைத் தாங்கும். ஆனா சும்மா தடவினா ஒட்டாது. லித்தியம் டைசிலிகேட்ங்கிற கண்ணாடி கலந்த செராமிக் கேப்னா உள்பக்கம் 5 சதவீத ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் 20 செகண்ட், கண்ணாடிப் பகுதி கரைஞ்சு பொடிப்பொடி குழியா வரும், கழுவிக் காயவெச்சு, செராமிக்கையும் ரெசினையும் இணைக்கிற சைலேன்னு ஒரு திரவம், அதுக்கப்புறம்தான் சிமெண்ட். பழைய ஜிங்க் பாஸ்பேட் சிமெண்ட் இருக்கே, அது கேப்பைப் பிடிச்சு வெக்கும், அவ்ளோதான்.

அமெரிக்கால 80கள்ல டைகார்னு ஒரு கண்ணாடி செராமிக் கேப் வந்துச்சு. மாலமென்ட்னு ஒரு டாக்டர் அதை 14 வருஷம் ஃபாலோ பண்ணி 1999ல கணக்கு வெளியிட்டார், உள்பக்கம் ஆசிட் வெச்சு ஒட்டுனது வெக்காததை விட நல்லாவே தாங்கியிருக்கு. மெட்டீரியல் ஒண்ணுதான், பாத்துக்கோங்க.

அதுக்காக சிமெண்டை அப்பி வெக்கக் கூடாது, அது செராமிக்கை விட ரொம்ப மெத்து, தடியா இருந்தா மேல இருக்கிற கேப் இன்னும் வளையும்.

ஜிர்கோனியா கதை வேற. வளைச்சா உடையாம தாங்குற பலம் லித்தியம் டைசிலிகேட்டுக்கு சுமார் 400 மெகாபாஸ்கல்னா பல் டாக்டருங்க ரொம்ப நாளா போடுற வெள்ளை ஜிர்கோனியாவுக்கு 900க்கு மேல, சீவின பல் போதுமான உயரம் இருந்தா கிளாஸ் அயனோமர்ங்கிற சாதா சிமெண்டே போதும். உயரம் கம்மின்னாதான் ரெசின் சிமெண்ட் வெச்சு ஒட்டியாகணும், அதுல கண்ணாடி இல்லாததால ஆசிட் வேலைக்காகாது, அலுமினா பொடிய அடிச்சு ஜிர்கோனியாவைப் பிடிச்சுக்கிற எம்டிபிங்கிற கெமிக்கல் இருக்கிற பிரைமர், அதாவது சிமெண்டுக்கு முன்னாடி பூசுற திரவம், போடணும். இன்னொண்ணு, வாய்ல வெச்சு அளவு பாக்கும்போது எச்சில்ல இருக்கிற பாஸ்பேட் ஜிர்கோனியால போய் ஒட்டிக்கும், தண்ணில கழுவினா போகாது, திரும்பப் பொடி அடிக்கணும் இல்லன்னா அதுக்குன்னே இருக்கிற க்ளீனர் போடணும்.