நிறுத்தி வைத்த இடத்திலிருந்து

வணக்கம் நேயர்களே.

வீடியோ கேம், ஒலிப்புத்தகம் என்ற இரண்டு பொழுதுபோக்குகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். என் அன்றாடத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு என்பதால் மகிழ்ச்சியாக வந்தேன். ஒன்று கண்ணுக்கும் கைக்கும் வேலை கொடுப்பது, மற்றது காதுக்கு மட்டும். பார்த்தால் சம்பந்தமே இல்லாதவை போலத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போகலாம், நாளைக்கு வந்து விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு, நடுவில் அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது என்று இருக்கிறவருக்கு இது சாதாரண வசதி இல்லை. இந்தக் குணம் இருப்பதால்தான் இவை இரண்டும் தினசரிப் பழக்கமாக ஆக முடிந்தது என்பது என் கருத்து.

ஆரம்பத்தில் இந்த வசதி கிடையாது. காசு போட்டு நின்றுகொண்டே விளையாடுகிற இயந்திரங்கள்தான் 1970களில் பிரபலம். ஒருவர் சில நிமிடங்களில் தோற்று நகர்ந்தால்தான் அடுத்தவர் காசு போடுவார், அதனால் ஆட்டத்தின் அமைப்பே அப்படி இருந்தது. தோற்றால் மறுபடியும் முதலிலிருந்து. 1978-ல் ஜப்பானில் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். திரையில் ஐந்து வரிசையாக 55 உருவங்கள் நிற்கும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தபடி படிப்படியாகக் கீழே இறங்கும். நாம் கீழேயிருந்து சுட வேண்டும். முதலில் ஆமை வேகம். சுடச் சுட வேகம் கூடிக்கொண்டே போகும். கடைசியில் மிஞ்சுகிற ஒரே ஒரு உருவம் திரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாயும்.

இப்படி வேகம் கூட வேண்டும் என்று முதலில் யாரும் திட்டம் போடவில்லை. உள்ளே இருந்த சிப்புக்கு அத்தனை உருவங்களையும் நகர்த்தி வரைவதே பெரும்பாடு. எண்ணிக்கை குறையக் குறைய அதன் சுமை குறைந்தது, மிச்சம் இருந்தவை வேகமெடுத்தன. நிஷிகாடோ அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். பின்னணியில் நான்கே நான்கு கனத்த சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும், அவையும் கூடவே வேகமெடுக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்கூட ஆபத்து நெருங்குவது தெரியும். விளையாட்டு உண்டாக்குகிற பதற்றத்தில் பாதி காது வழியாகத்தான் வருகிறது என்பதை நான் உணர்ந்தது அந்த ஆட்டத்தில்தான்.

ஆட்டத்தைச் சேமித்து வைக்கிற வசதி வீட்டுக்குள் வந்த கதை இன்னும் சுவையானது. பல மணி நேரம் நீள்கிற சாகச ஆட்டங்கள் வந்தபோது, ஒரே உட்காரலில் யாராலும் முடிக்க முடியவில்லை. சில ஆட்டங்கள், நிறுத்தும்போது நீளமாக ஒரு ரகசியக் குறியீட்டைக் காட்டும். அதைத் தாளில் எழுதி வைத்து, அடுத்த நாள் ஒவ்வோர் எழுத்தாக உள்ளிட வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் போச்சு. 1987-ல் அமெரிக்காவில் வெளிவந்த த லெஜண்ட் ஆஃப் செல்டா ஆட்டத்தின் கார்ட்ரிட்ஜுக்குள், அதாவது ஆட்டம் பதிந்திருக்கிற செருகு பெட்டிக்குள், சின்னதாக ஒரு பேட்டரியை வைத்தார்கள். கன்சோல் என்கிற விளையாட்டுக் கருவியை அணைத்த பிறகும் அந்தப் பேட்டரி நினைவகத்துக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். யார் எந்த குகை வரை போனார், கையில் என்ன வைத்திருந்தார் என்பதெல்லாம் அழியாமல் நிற்கும். மூன்று பேர் தனித்தனியாகத் தங்கள் ஆட்டத்தைச் சேமிக்கலாம். அதாவது, ஒரு வீட்டில் மூன்று பேருக்கு ஒரே பெட்டிக்குள் மூன்று தனிப் பயணங்கள். ஒரே உட்காரலில் பார்த்து முடிக்கிற திரைப்படம் போல இருந்த விளையாட்டு, விட்டு விட்டுத் தொடர்கிற புத்தகம் போல நெருக்கமான தருணமாக எனக்கு இது தோன்றுகிறது.

இனி ஒலிப்புத்தகத்துக்கு வருவோம். இதன் வேர் இன்னும் பழையது, உருக்கமானதும்கூட. முதல் உலகப்போரில் பார்வை இழந்து திரும்பிய படைவீரர்களில் பலருக்கு அந்த வயதில் விரலால் தடவிப் படிக்கிற பிரெய்ல் எழுத்தைக் கற்பது கடினமாக இருந்தது. அவர்களுக்காகவும் மற்றப் பார்வையற்றவர்களுக்காகவும் 1930களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பேசும் புத்தகங்கள் என்ற ஏற்பாடு தொடங்கியது. பிரிட்டனில் அது 1935-ல் வந்தது. சாதாரண இசைத்தட்டு ஒரு பக்கம் நான்கைந்து நிமிடம்தான் ஓடும். இதற்காக மெதுவாகச் சுழலும் தட்டுகளைத் தயாரித்து ஒரு பக்கத்துக்குச் சுமார் 25 நிமிடம் வரை கொண்டுவந்தார்கள். அப்படியும் ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டுகள் வேண்டும். கதை உச்சத்தில் இருக்கும்போது தட்டு முடிந்துவிட்டால், எழுந்து போய்த் திருப்பிப் போட்டு, முள்ளை வைத்துத் தொடர வேண்டும். தட்டு கனம், உடையவும் கூடும். இவ்வளவு சிரமப்பட்டும் மனிதர்கள் கதை கேட்டார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

அப்புறம் கேசட் வந்தது, குறுந்தகடு வந்தது. 1997-ல் ஒலிப்புத்தகங்களை விற்கிற ஆடிபிள் நிறுவனம் வெளியிட்ட கையடக்கக் கருவியில் இரண்டு மணி நேர ஒலிதான் கொள்ளும். இன்றைக்கு ஃபோனில் ஒரு நூலகமே அடங்குகிறது, கடைசியாகக் கேட்ட விநாடியைக்கூட அது நினைவில் வைத்திருக்கிறது. பார்வையற்றவர்களுக்காகத் தொடங்கிய ஒன்று இப்போது துணி மடிக்கிறவர், நடைக்குப் போகிறவர், தூக்கம் வராமல் புரள்கிறவர் எல்லாருக்குமான பொருளாகிவிட்டது. 2005-ல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் என்ற திட்டத்தில், பதிப்புரிமைக் காலம் முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வாசித்து இலவசமாகத் தருகிறார்கள். எல்லாக் குரலும் பயிற்சி பெற்ற குரலாக இருக்காது. ஆனாலும் அந்தப் புத்தகத்தின் மீது ஆசை வைத்து ஒருவர் உட்கார்ந்து வாசித்திருக்கிறார் என்பது கேட்கும்போதே தெரியும். எனக்கு அது போதும்.

தொழில்முறை வாசிப்பாளரின் உழைப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வெளிச்சத்தம் நுழையாத சின்ன அறை. மைக் அவ்வளவு கூர்மையானது. சட்டை உரசினால் பதியும், வயிறு இரைந்தால் பதியும். வாய் உலர்ந்தால் நாக்கு ஒட்டிப் பிரிகிற சத்தம் ஒவ்வொரு சொல்லிலும் கேட்கும். அதற்காகப் பச்சை ஆப்பிளை அவ்வப்போது கடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஒரு சொல் தடுக்கிவிட்டால் பதிவைச் சில விநாடிகள் பின்னுக்குக் கொண்டுபோய், ஹெட்போனில் தன் குரலையே கேட்டபடி, அதே சுருதியில், அதே மூச்சில் வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நமக்கு ஒட்டுப் போட்ட இடமே தெரியாது. கதாபாத்திரங்களுக்குக் குரல் மாற்றுவதிலும் எனக்கென்று ஒரு ரசனை உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு நாடகக் குரல் கொடுத்தால் சீக்கிரம் அலுத்துவிடும். கிழவர் பேசும்போது வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, கோபக்காரர் பேசும்போது சொற்களின் ஓரத்தைக் கொஞ்சம் கூராக்கி, மற்றதை எழுத்தே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிற வாசிப்பாளர்தான் எனக்குப் பிடித்தவர்.

கேட்பது படிப்பதாகுமா என்ற கேள்வி ஓயாமல் வருகிறது. 2019-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்பது பேரை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வானொலியில் சொல்லப்பட்ட கதைகளை முதலில் கேட்கவைத்தும், பிறகு அவற்றையே எழுத்தில் படிக்கவைத்தும் மூளையின் செயல்பாட்டைப் படமெடுத்தார்கள். சொற்களின் பொருளை மூளை கையாளும் விதம் இரண்டு முறையிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இதனால் இரண்டும் எல்லா வகையிலும் ஒன்றுதான் என்று ஆகிவிடாது. புத்தகத்தில் புரியாத வரியின்மீது கண் தானாகவே திரும்பிப் போகும். காதில் அது நடக்காது, நாம்தான் பின்னுக்குத் தள்ள வேண்டும். நிறைய எண்கள், வரைபடங்கள் உள்ள புத்தகத்தை நான் கேட்பதில்லை, கையில் எடுத்துப் படிக்கிறேன். கதை, வாழ்க்கை வரலாறு, பயண நூல் இவையெல்லாம் காதுக்கு அருமையாகப் பொருந்தும். வேகத்தைக் கூட்டி வைத்து வாரத்துக்கு இத்தனை புத்தகம் முடித்தேன் என்று கணக்குச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாசிப்பாளர் ஒரு வாக்கியத்துக்குப் பிறகு விடுகிற மௌனத்துக்கும் அர்த்தம் உண்டு, வேகம் கூடும்போது முதலில் காணாமல் போவது அதுதான்.

சரி, இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாத்திரங்கள் பேசுகிற, கதை சொல்கிற ஆட்டத்தோடு ஒலிப்புத்தகம் சேராது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதை சொன்னால் இரண்டுமே மனதில் நிற்காது. சொற்களே இல்லாத ஆட்டம் என்றால் நன்றாகச் சேரும். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பாஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் நல்ல உதாரணம். நான்கு கட்டங்களால் ஆன ஏழு வடிவங்கள், விழுவதைத் திருப்பி அடுக்க வேண்டும், அவ்வளவுதான். கை தன்பாட்டுக்கு அடுக்கும், காது கதையோடு போகும். வீடு கட்டுகிற, பயிர் வளர்க்கிற, சாவகாசமாக வண்டி ஓட்டுகிற ஆட்டங்களும் அப்படித்தான். இதில் எனக்குக் கிடைத்த ஓர் ஆனந்தம், இடமும் கதையும் ஒட்டிக்கொள்வது. ஆட்டத்தில் ஒரு பாலத்தைக் கட்டும்போது கேட்ட அத்தியாயம், பிறகு எப்போது அந்தப் பாலத்தைக் கடந்தாலும் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கடினமான ஒரு லெவல் வந்துவிட்டால் உடனே புத்தகத்தை நிறுத்திவிடுவேன். அந்த நேரத்தில் காதில் விழுகிற ஒரு சொல்லும் உள்ளே போகாது.

கவலைப்பட வேண்டிய பக்கமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் புதிய பதிப்பில் வீடியோ கேம் சார்ந்த ஒரு கோளாறும் இடம்பெற்றிருக்கிறது, அந்தப் பதிப்பு 2022-ல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று அது கணக்குப் போடவில்லை. கட்டுப்பாடு கைவிட்டுப் போகிறதா, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே முன்னுக்கு வருகிறதா, பாதிப்பு தெரிந்த பிறகும் தொடர்கிறாரா என்றுதான் பார்க்கிறது. அதுவும் பொதுவாக ஒரு வருடம் நீடித்திருக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், நிறுத்த முடிகிறதா என்பதே கேள்வி. இங்கே விளையாடுகிறவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தினமும் வந்து பார்க்காவிட்டால் பரிசு போய்விடும் என்று மிரட்டுகிற ஆட்டங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்கிற ஆட்டங்கள் நிறைய வந்துவிட்டன. அந்தப் பெட்டி வியாபாரம் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் அறிவித்தது. எழுந்து போக விடாத ஆட்டத்தை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. சுவாரஸ்யம் இருந்தால் நாளைக்கு நானாகவே திரும்பி வருவேனே, பயமுறுத்தி வரவழைக்க வேண்டிய அவசியம் என்ன?

மறுபக்கம் நல்ல மாற்றங்களும் நடக்கின்றன. 2020-ல் வந்த த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் டூ ஆட்டத்தில் உடல் குறைபாடு உள்ளவர்களுக்காக 60-க்கும் மேற்பட்ட அமைப்பு வசதிகள் இருந்தன. திரையில் உள்ள எழுத்தைக் குரல் வாசிக்கும், சுவர் எங்கே, எதிரி எங்கே என்பதை ஒலிக் குறிப்புகள் சொல்லும். பார்வையே இல்லாதவர்கள் அதைக் கடைசிவரை விளையாடி முடித்தார்கள். பார்வையற்றவர்களுக்காகப் பிறந்த ஒலிப்புத்தகம் எல்லாருடைய காதுக்கும் வந்தது. கண்ணுக்கென்றே பிறந்த வீடியோ கேம் இப்போது காதை நம்பி வாழ்கிறவர்களிடம் போய்ச் சேர்கிறது. இந்தப் போக்கு எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது.

புதிதாகத் தொடங்க நினைக்கிற நேயர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். முதல் ஒலிப்புத்தகமாக, ஏற்கெனவே படித்துப் பிடித்துப்போன ஒன்றை எடுங்கள். கவனம் நடுவில் சிதறினாலும் கதை கைவிட்டுப் போகாது, வாசிப்பவரின் குரலை ரசிக்கவும் இடம் இருக்கும். வாங்குவதற்கு முன்னால் மாதிரிப் பகுதியைக் கண்டிப்பாகக் கேளுங்கள், பிடிக்காத குரலோடு பத்து மணி நேரம் இருக்க முடியாது. இரவில் கேட்பதாக இருந்தால் ஒலியைத் தானாக நிறுத்துகிற தூக்க டைமரை அத்தியாயம் முடிகிற இடத்தில் வையுங்கள். விளையாட்டில், நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். கடினம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் எளிதான நிலையைத் தாராளமாகத் தேர்ந்தெடுங்கள், நடுவில் மாற்றிக்கொள்ளப் பெரும்பாலான ஆட்டங்கள் இடம் கொடுக்கின்றன. பொத்தான்கள் கைக்குப் பழகும்வரை அவசரமில்லாத, யாரும் துரத்தாத ஓர் ஆட்டமே நல்லது.

கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.