மன்றோ சிலைக்கு அங்கவடி எங்கே?

அடுத்த கேள்வி. "சார், சென்னை தீவுத்திடல் பக்கம் இருக்கிற மன்றோ சிலையில் கால் வைக்கும் அங்கவடி கிடையாதாமே? சிற்பி மறந்துபோய், பிறகு அந்த அவமானத்தில் தற்கொலை செய்துகொண்டார் என்கிறார்களே, உண்மையா?"

முதல் பாதி உண்மை. பீடம் உயரமாக இருப்பதால் பஸ்ஸில் போகும்போது சட்டென்று தெரியாது. அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள், மன்றோவின் கால் பிடிமானம் எதுவும் இல்லாமல் குதிரையின் விலாவோரம் தொங்கும். சேணமும் கிடையாது.

மன்றோ யார் தெரியுமா? 1780இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர். ஹைதர் அலியோடு நடந்த சண்டையில் இருந்தவர். அப்புறம் பாராமகாலில், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம், நில வரி வேலை பார்த்தார். விவசாயியிடமிருந்தே அரசு நேரடியாக வரி வாங்கும் ரயத்வாரி முறை என்றதும் நினைவுக்கு வருகிற பெயர் இவருடையதுதான். 1820இல் மதராஸ் கவர்னர். 1827இல், இன்றைய ஆந்திராவில் இருக்கிற பத்திகொண்டாவில், காலராவில் இறந்தார்.

சரி, சிற்பிக்கு வருவோம். அவர் பிரான்சிஸ் சாண்ட்ரி, லண்டனில் பெரிய பெயர். இந்தியா பக்கமே வந்ததில்லை. சிலைதான் கப்பலில் வந்து, 1839இல் திறக்கப்பட்டது. மனிதர் இறந்தது 1841இல், தன் வீட்டில். தற்கொலை எல்லாம் இல்லை.

மறதிதானா என்றால், அவர் செய்த குதிரைச் சிலைகள் மொத்தம் மூன்று. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னர், அதே ஊரில் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டிடத்தின் முன்னால் நெப்போலியனைத் தோற்கடித்த தளபதி வெலிங்டன், இங்கே மன்றோ. மூன்றிலும் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை! வெலிங்டன் சிலையை, சாண்ட்ரி இறந்த பிறகு, உதவியாளர்தான் முடித்தார். அவருமா மறந்தார்?

பழைய ரோமானியர்களுக்கு அங்கவடியே தெரியாது. ரோமில் இருக்கிற பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் சிலையிலும் இப்படித்தான், கால் சும்மா தொங்கும். அந்தக் கம்பீரம்தான் சாண்ட்ரி காலத்துச் சிற்பிகளுக்கு இலக்கணம். சாண்ட்ரியும் அந்த வழியில் போனவர்.

இன்னொருவர், "குதிரையின் நாலு காலும் தரையில் இருந்தால் வீரர் இயற்கையாக இறந்தவர் என்று அர்த்தமா?" என்று கேட்டிருக்கிறார். மன்றோவுக்கு அது பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அப்படி ஒரு விதியைச் சிற்பிகள் வைத்துக்கொண்டதில்லை. சாண்ட்ரிக்குக் குதிரை அமைதியாக நிற்பது பிடிக்கும். பாய்கிற குதிரை அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது.