ஜாமீனுக்கு முன்னால் கேட்க வேண்டியது

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் பெங்களூரு நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன். அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் பிறந்து, அங்குள்ள மைதானத்தில் பந்து உதைத்து வளர்ந்தவன். குடியிலும் மாத்திரையிலும் சிக்கி, வழக்குகளையும் சுமந்து நிற்கும் ஒரு கால்பந்து ஆட்டக்காரரைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அவருடைய சம்மதத்தைப் பெற்றே பேசுகிறேன். பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை.

கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறோம் என்றால், எங்கள் ஊருக்குப் பந்தின்மீது இருக்கும் பற்றை நேயர்கள் புரிந்துகொள்ளலாம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் இந்தியா 2-1 என்று தோற்ற ஆட்டத்தில், நம் ஆட்டக்காரர்கள் பெரும்பாலோர் பூட்ஸ் அணியாமல் ஆடிய அந்த ஆட்டத்தில், நமக்காக ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். அந்தக் கோலைப் பார்த்தவர் எவரும் எங்கள் தெருவில் இல்லை. ஆனாலும் கேட்டு வளராத பிள்ளை கிடையாது. பின்னாளில் ஐ.டி.ஐ. தொலைபேசி ஆலை, எச்.ஏ.எல். விமான ஆலை போன்ற பொதுத்துறை ஆலைகள் நன்றாக ஆடுபவர்களுக்கு வேலை கொடுத்தன. கால் ஓய்ந்துபோன பிறகும் ஓய்வு வயதுவரை சம்பளம் வந்ததால், ஆட்டம் நின்றாலும் வீட்டில் அடுப்பு எரிந்தது. இன்றைய ஒப்பந்தங்கள் பருவத்துக்குப் பருவம் எழுதப்படுகின்றன. முழங்கால் போனால் அடுத்த பருவத்தில் பெயர் இருக்காது.

நான் சொல்லும் மனிதர் என்னைவிட எட்டு வயது இளையவர். என்னை அண்ணா என்றுதான் அழைப்பார். 2007-இல் ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துத் தொடர் தொடங்கியபோது வெளிமாநில அணி ஒன்றில் ஒப்பந்தம் கிடைத்து, மூன்று பருவங்கள் ஆடினார். 27 வயதில் வலது முழங்காலின் லிகமென்ட் கிழிந்தது. அந்தக் காயத்திலிருந்து மீண்டு மைதானத்துக்குத் திரும்ப அறுவை சிகிச்சையும் ஏறக்குறைய ஒன்பது மாதப் பயிற்சியும் தேவை. அறுவைக்குப் பணம் கொடுத்த அணி, அந்த ஒன்பது மாதங்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு வந்தவரிடம் இரண்டு பொருள்கள்தான் மிஞ்சியிருந்தன: மடக்க முடியாத ஒரு கால், வலிக்கு டாக்டர் எழுதித் தந்த டிரமடால் மாத்திரைச் சீட்டு.

டிரமடால், அபினைப் போலச் செயல்படும் ஓபியாய்டு வகையைச் சேர்ந்த வலி நிவாரணி. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை எடுத்தால் அது மருந்துதான். நாளாக ஆக உடல் அதற்குப் பழகி, அதே அளவு போதாமல் போவதும், நிறுத்தினால் வியர்வையும் நடுக்கமும் தூக்கமின்மையும் வருவதும் அதன் இயல்பு. மதுவோடு சேர்த்து எடுத்தால் மூச்சே அடங்கிப்போகலாம். 2018-இல் நம் நாட்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரி முதல், போட்டி நேரத்தில் ஆட்டக்காரர்கள் இதை எடுக்கக் கூடாது என்று உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையும் தடை விதித்திருக்கிறது. எங்கள் மனிதருக்கு இவை எதுவும் தெரியாது. சீட்டு இல்லாமலே கொடுக்கும் ஒரு மருந்துக் கடை அவருக்குத் தெரிந்திருந்தது.

மது வந்த வழி வேறு, அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அவர் காசு கொடுத்துக் குடித்த நாள்கள் தொடக்கத்தில் மிகக் குறைவு. மாலையில் தெருமுனையில் நின்றால் போதும், "அன்னிக்கு அடிச்சியே ஒரு கோல், அதுக்காகடா தம்பி" என்று தோளில் கைபோட்டு பாருக்கு அழைத்துப்போக யாராவது ஒருவர் இருந்தார். ஒரே கோலுக்குப் பத்தாண்டுகள் குடித்திருக்கிறார். வாங்கிக் கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர், அவர்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அவர்களில் ஒருவராவது அவருக்கு ஒரு வேலை வாங்கித் தந்திருக்கலாம் என்று நான் நினைக்காத நாளில்லை.

புகழின் உச்சியைத் தொட்டவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. மும்பையின் கிரிக்கெட் ஆட்டக்காரர் வினோத் காம்ப்ளி, 1988-இல் பள்ளிப் போட்டி ஒன்றில் டெண்டுல்கரோடு சேர்ந்து 664 ரன்களை ஆட்டமிழக்காமல் குவித்தவர். 17 டெஸ்டுகளில் 54.20 சராசரி வைத்திருந்தும், தம் 23-ஆம் வயதில் கடைசி டெஸ்டை ஆடி முடித்துவிட்டார். 2022-இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய புகாரில் கைதாகி ஜாமீனில் வந்ததும், கிரிக்கெட் வாரிய ஓய்வூதியம் 30,000 ரூபாயை மட்டுமே நம்பியிருப்பதாக அவரே சொன்னதும் எல்லோரும் அறிந்தவை. அவரைப் பற்றிப் பேசும்போது பலர் ஒழுக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த 23 வயதுதான் கண்ணில் படுகிறது.

எங்கள் மனிதரின் முதல் வழக்கு, குடித்துவிட்டு ஸ்கூட்டர் ஓட்டி, நின்றிருந்த ஆட்டோவில் மோதியது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு ஆறு மாதம்வரை சிறையோ 10,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்தோடு தப்பினார். அடுத்து, கடனுக்குக் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பிய வழக்கு. மூன்றாவது, சட்டைப் பையில் மாத்திரை அட்டைகளோடு பிடிபட்டது.

அன்றிரவு காவல் நிலையத்துக்குப் போனேன். லாக்கப்பில் வலது காலை நீட்டிக்கொண்டு, முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். முழங்காலில் தழும்பு வெளிறித் தெரிந்தது. அவரை அடையாளம் கண்டுகொண்ட ஒரு காவலர், தம் செலவில் டீ வாங்கி வந்திருந்தார். தம்ளரைப் பிடித்த கை ஆடியதில் பாதி டீ வேட்டியில் கொட்டியது. வக்காலத்தில் கையெழுத்துக் கேட்டேன். ஒரு கோட்டில் தொடங்கிய பெயர் அடுத்த கோட்டைத் தாண்டி இறங்கிவிட்டது. வெளியே அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அண்ணா, எப்படியாவது ஜாமீன்ல எடுத்துடுங்க. வைத்தியமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

நேயர்களே, என் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை சொல்லும் வார்த்தை இதுதான். அந்த வரிசையை மாற்றிக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த அழைப்பை ஏற்று வந்தேன். கைதான ஒருவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அந்த முதல் நாளிலேயே, இவர் நாள்தோறும் குடிப்பவர், மாத்திரைக்கு அடிமையானவர் என்பதை வெட்கப்படாமல் எழுத்தில் கொடுக்க வேண்டும். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த இரண்டு மூன்று நாள்களுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், காவலில் இருக்கும்போதே மருத்துவரின் பார்வை அவருக்கு வேண்டும்.

போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவையும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். போதைக்கு அடிமையான ஒருவர், தாம் பயன்படுத்திய குற்றத்துக்காகவோ சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்காகவோ வழக்கில் சிக்கி, தாமாகவே முன்வந்து, அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது.

அங்கீகாரம் என்ற அந்தச் சொல்லில்தான் எங்கள் மனிதர் இடறினார். கைதாவதற்கு முந்தைய ஆண்டு, மனைவி தாலிக்கொடியை அடகு வைத்து அவரை ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்திருந்தார். 90 நாள் பூட்டிய அறை, காலையும் மாலையும் பிரார்த்தனை, டாக்டர் வந்தது ஒரே ஒரு முறை. அவர்கள் தந்த சான்றிதழை நீதிமன்றத்தில் காட்டலாமா என்று பார்த்தபோது, அந்த இல்லத்துக்குப் பதிவே இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்து, அவற்றுக்குச் சிகிச்சை தரும் நிலையங்கள் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது. பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பதிவெண்ணைக் கேளுங்கள். நம் ஊரில் ஓசூர் சாலையிலேயே நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல மருத்துவமனை இருக்கிறது. அதன் போதை மருத்துவ மையத்தின் வாசலில் தமிழ்க் குரல் கேட்காத நாள் இருக்காது.

அவரை அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். மூன்று வாரம் உள்ளிருந்தார். வெளியே வந்த இரண்டாம் மாதத்தில் மீண்டும் குடித்தார். மனைவி என்னிடம் மறைக்காமல் அன்றைக்கே சொன்னதால், மறுநாளே திரும்பச் சேர்க்க முடிந்தது. மீண்டும் குடிப்பது இந்த நோயில் அடிக்கடி நேர்வது என்று டாக்டர் பொறுமையாக விளக்கிய பிறகுதான், வீட்டில் அவரைத் திட்டுவது நின்றது.

இப்போது பதினோரு மாதமாகிறது. காலை ஐந்தரை மணிக்கு மைதானத்துக்குப் போய், பிள்ளைகள் வருவதற்குள் சுண்ணாம்புக் கோடு போட்டு வைக்கிறார். ஒவ்வொரு மருத்துவமனைச் சீட்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் அடுக்கி வைத்திருக்கிறார். மாத்திரை வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வரும்போது நான் நீதிபதியிடம் கொடுக்கப்போவது அந்த உறையைத்தான்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாருக்கேனும் உதவி தேவைப்பட்டால், மத்திய அரசின் கட்டணமில்லாப் போதை மீட்பு உதவி எண் 14446. மெதுவாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்று, நான்கு, நான்கு, நான்கு, ஆறு. மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416. அங்கே தமிழிலேயே பேசலாம். வணக்கம்.